மூழ்கியவனை விட்டுவிட்டு சல்யூட் அடித்தவர்கள்

நேற்று உங்கள் முதலுதவி வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஓய்வு பெற்றவன் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் மரியாதை மிஞ்சும் என்று என் மனைவி அடிக்கடி சொல்கிறாள். ஆனால் நேற்று நான் பார்த்ததை விழுங்கிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. சபையில் பிரசங்கம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரையில் அந்த ரப்பர் பொம்மை கிடந்தது. உங்களில் ஒருவர் அதன் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். குறை சொல்ல முடியாதபடி அழகாகவே அழுத்தினார். அப்போது தலைமை விருந்தினர் மாலையோடு உள்ளே வந்தார். அழுத்திக்கொண்டிருந்தவர் எழுந்து கும்பிட்டார். சுற்றி நின்ற நீங்களும் கும்பிட்டீர்கள். விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்து, சோடா குடித்து, "நடக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் மறுபடி மண்டியிட்டார். அதுவரை பொம்மை பாவம் அப்படியே கிடந்தது. நான் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பொம்மைதானே சார், ஆளாக இருந்தால் எழுந்திருப்போமா?" என்று அப்புறம் ஒரு தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார். தம்பி, இதே கேள்வியை வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு போலீஸ் ஏட்டு என்னிடம் கேட்டார். உங்களுக்கு நேற்றே பதில் சொல்லியிருப்பேன். கோபத்தில் சொன்னால் விளங்காது என்று இன்று வரைக்கும் அடக்கிக்கொண்டேன். இன்னமும் கோபம் போகவில்லை, அது வேறு விஷயம்.

அப்போது மெட்ராஸ் ராஜதானி. நான் சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலப்பதுதான் வேலை. ஆனால் எனக்குக் குரல் பெரிது, தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் வரும். அதனால் வெளியாட்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள், மில் மேஸ்திரிகள் என்று எல்லாரிடமும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அந்த வருஷம் திருப்பதி புரட்டாசித் திருவிழாவுக்குப் போகவிருந்த போலீஸ்காரர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். ஜனம் கூடுகிற இடம், குளம் இருக்கிறது, யாராவது விழுந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்க வேண்டும்.

அந்தக் காலத்து முறை வேறு. மூழ்கியவனைக் குப்புறப் படுக்க வைத்து, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, பக்கத்தில் மண்டியிட்டு, இடுப்புக்கு மேலே முதுகில் இரண்டு கையையும் வைத்து முன்னால் சாய்ந்து அழுத்துவோம். பிறகு பின்னால் சாய்ந்து விடுவோம். அழுத்தும்போது காற்று வெளியே போகும், விடும்போது உள்ளே வரும். இன்றைக்கு நீங்கள் அப்படிச் செய்தால் உங்களைத் தேற விடமாட்டார்கள், நானும் விடமாட்டேன். ஆனால் அன்றைக்கு எங்களிடம் இருந்தது அதுதான். இடைவிடாமல் செய்தால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இடைவிடாமல் என்று சொன்னேன். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அவர்களோடு மல்லுக்கு நின்றேன்.

முதல் தகராறு யார் படுப்பது என்பதில் வந்தது. பிணம் மாதிரிக் குப்புறப் படுக்க ஒருவனும் தயாராக இல்லை, அபசகுனமாம். படுக்கச் சம்மதித்த ஒருவனுடைய முதுகைத் தொட மற்றவர்கள் தயாராக இல்லை. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு, "நா வேணா பக்கத்துல நின்னு பாத்துக்கறன் சார்" என்றான். பார்ப்பதற்கா உனக்குச் சம்பளம் என்று கேட்டேன். இதையெல்லாம் ஏட்டு தீர்த்துவைத்தார். எப்படி என்கிறீர்களா? ஒரு சாக்கில் வைக்கோலை அடைத்து, அதற்கு ஒரு பழைய காக்கிச் சட்டையை மாட்டி, "இதான் பேஷண்டு" என்று கொண்டுவந்து போட்டார். எல்லாருக்கும் ஏக சந்தோஷம். சாக்குக்குச் சாதி கிடையாது, சகுனமும் கிடையாது.

அந்த ஏட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. குப்பம் பக்கத்துக்காரர். மூன்று பாஷையில் திட்டுவார், எதிலும் பிழை இருக்காது. ஆனால் உலகத்தில் எந்தக் காரியமும் உத்தரவில் தொடங்கி உத்தரவில் முடிய வேண்டும் அவருக்கு. "ஒன்" என்றால் அழுத்த வேண்டும், "டூ" என்றால் விட வேண்டும். அதில் ஒரு நன்மை இருந்தது, தாளம் தப்பவில்லை. தீமை என்னவென்றால், வராந்தாவில் இன்ஸ்பெக்டர் தலை தெரிந்தால் போதும், "அட்டென்ஷன்!" என்று கத்துவார். அத்தனை பேரும் சாக்கை விட்டுவிட்டு விறைத்து நிற்பார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு சுருட்டுப் பிடித்து முடித்துவிட்டுப் போகும் வரைக்கும் நிற்பார்கள்.

நான் ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேன். "ஏட்டய்யா, அழுத்திகினு இருக்கறவன் எழுந்திரிக்கக் கூடாது. யார் வந்தாலும் கூடாது. அதச் சொல்லித்தரத்தான் நான் வந்துகீறேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "ஏமய்யா கம்பவுண்டரே, சாக்க உட்டுத்தானே எழுந்தோம்? நெஜமா ஆளா இருந்தா எழுந்துருவமா? எங்களுக்கு அவ்ளோ கூடவா அறிவில்ல?"

"கைக்கு எது பழகிச்சோ அதத்தான் கை செய்யும். அறிவு அப்பறமா வரும்" என்றேன்.

"சரேலே, பாக்கலாம்" என்று விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

திருவிழாவில் எனக்கு ஒரு பந்தல் போட்டுக்கொடுத்தார்கள். வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள், கால் கட்டைவிரலைக் கல்லில் இடித்துக்கொண்டவர்கள், கூட்டத்தில் நசுங்கியவர்கள் என்று ஓய்வில்லை. மலையிறங்கி வந்தவர்கள் கீழே குளத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புவார்கள். படி பாசி பிடித்து வழுக்கும். போலீஸ்காரர்கள் நாலு பேரும் ஏட்டும் அங்கேதான் நின்றார்கள்.

நடுப்பகலில் குளத்துப் பக்கமிருந்து கூச்சல் வந்தது. ஆள் மூழ்கிவிட்டான் என்றார்கள். பிச்சாட்டூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவர், மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் முழுக்குப் போட இறங்கி, வழுக்கி ஆழத்துக்குப் போயிருக்கிறார். இரண்டு பேர் குதித்துத் தூக்கி வந்து படியில் போட்டிருக்கிறார்கள். நான் போட்டுக்கொண்டிருந்த காயக்கட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. அந்தக் கூட்டத்தில் யார் ஓட முடியும்? தோளால் இடித்து இடித்துத்தான் போனேன்.

கூட்டத்தின் யோசனைகளைக் கேட்டபடியே போனேன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடு என்றான் ஒருவன். குயவன் சக்கரத்தில் வயிறு படப் படுக்க வைத்துச் சுற்று என்றான் இன்னொருவன். உப்பு மூட்டை கொண்டுவா, உப்புக்குள் புதை என்று ஒரு பெரியவர் அதட்டிக்கொண்டிருந்தார். யோசனை சொல்ல மட்டும் நம் ஜனங்களுக்கு மூச்சு முட்டுவதே இல்லை.

ஆனால் போலீஸ்காரர்கள் அதில் எதையும் கேட்கவில்லை. இதை நான் மனசாரச் சொல்கிறேன், நன்றாகச் செய்தார்கள். தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஆளைக் குப்புறப் போட்டிருந்தார்கள். வாயிலிருந்த பாசியை ஒருவன் விரலால் எடுத்துவிட்டிருந்தான். இன்னொருவன் மண்டியிட்டு அழுத்திக்கொண்டிருந்தான், ஏட்டு "ஒன், டூ" சொல்லிக்கொண்டிருந்தார். சாதி கீதி எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆசிரியன் என்ற முறையில் எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது.

அவருடைய மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளும் மொட்டை போட்டிருந்தாள், முகமெல்லாம் சந்தனம் வழிந்திருந்தது. திடீரென்று, "சத்தம் வருது! தொண்டைல சத்தம் வருது!" என்று கத்தினாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு தூரத்தில் இருந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன், நம்பினேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மோட்டார் வந்து நின்றது. ஜில்லா போலீசுக்கெல்லாம் மேலான வெள்ளைக்காரப் பெரிய துரை ரோந்துக்கு வந்துவிட்டார்.

"அட்டென்ஷன்!"

நாலு பேரும் எழுந்தார்கள். அழுத்திக்கொண்டிருந்தவனும் எழுந்தான். கால்களைச் சேர்த்து, ஈரக் கைகளைத் தொடையோடு ஒட்டி, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏட்டு அடித்த சல்யூட்டில் அவர் முழங்கையிலிருந்து தண்ணீர் தெறித்தது. கல்படியில் அந்த ஆள் குப்புறக் கிடந்தார்.

தம்பிகளே, நான் கத்தினேன். "உக்காருங்கடா! அழுத்துங்கடா!" என்று என் வாழ்நாளில் கத்தாத கத்தல் கத்தினேன். துரையைப் பார்த்ததும் கூட்டம் கைகட்டி ஒதுங்கி, ஒருவர் மேல் ஒருவர் நெருக்கி, எனக்கு முன்னால் சுவர் எழுப்பிவிட்டது. "தொரை வந்துகீறாரு, எங்கய்யா நொழையறே?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நுழைந்து உன் தலையிலா உட்காரப்போகிறேன் என்று அவரிடமும் சண்டை.

துரை என்ன நடக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஏட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு அதே பாஷையில் பதில் சொன்னார். ஒரு ஆள் மூழ்கிவிட்டான், செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம்! ஒரு கைகூட அவர் மேல் இல்லை. நாலு கான்ஸ்டபிளும் சிலை மாதிரி நிற்கிறார்கள், இவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பொய் சொன்னார் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. அவர் மனசில் அந்தக் காரியம் நடந்துகொண்டேதான் இருந்தது. ஆள் எந்த ஊர், எப்போது விழுந்தான் என்று துரை மேலும் கேட்க, இவர் மேலும் சொல்லிக்கொண்டே போனார். தாம் வந்ததால்தான் வேலை நின்றுபோயிற்று என்பது துரைக்குத் தெரியவே இல்லை. "நடக்கட்டும்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும். அவருக்குத் தோன்றவில்லை, அதைச் சொல்லும்படி கேட்க ஏட்டுக்குத் தைரியமில்லை.

அந்தப் பெண்தான் எழுந்தாள். எதிரில் நின்ற கான்ஸ்டபிளின் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் அழுத்திக்கொண்டிருந்தவன்கூட இல்லை. வகுப்பில் முதலாவதாகவும் வந்ததில்லை, கடைசியாகவும் வந்ததில்லை. அவள் கைக்கு எட்டிய தூரத்தில் நின்றான், அவ்வளவுதான்.

"சத்தம் வந்துச்சிய்யா! ஏன்யா எழுந்தீங்க? உக்காருய்யா!"

அவன் உதட்டை அசைக்காமல் சொன்னான். "தொரை நிக்கிறாரும்மா."

"எம் புருசன் படுத்துகினு கீறான்யா!" என்று அலறினாள். அலறிக்கொண்டே அந்த பெல்ட்டில் தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினாள்.

அவன் ஒருமுறை ஏட்டைப் பார்த்தான். ஏட்டு பார்க்காதது போல நின்றார். பிறகு அவன் முழங்கால் மடங்கியது. அவள் இழுத்து மடங்கியதா, அவனே மடக்கினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைப்பாகை கழன்று தண்ணீரில் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் அந்த முதுகில் வைத்து, தானே வாய்விட்டு "ஒன், டூ" சொல்லிக்கொண்டு அழுத்த ஆரம்பித்தான். மற்ற மூன்று பேரும் விறைப்பு கலையாமல் நின்றார்கள். துரைக்கு முன்னால் மண்டியிட்டும் அவனுக்குத் தாளம் தப்பவில்லை.

அதற்குள் நான் எப்படியோ நுழைந்து தலைமாட்டில் விழுந்தேன். நாக்கு பின்னால் போகாமல் பிடித்துக்கொண்டு, "விடாதே, விடாதே" என்றேன். ஆள் பிழைப்பானா என்று துரை என்னைக் கேட்டார். நான் தலை நிமிராமலே தெரியாது என்றேன். மரியாதைக் குறைவுதான். துரை கூட்டத்தைப் பின்னால் தள்ளச் சொன்னார், மோட்டார் ஏறிப் போய்விட்டார். அப்புறம்தான் மற்ற மூன்று பேருக்கும் உயிர் வந்தது. மாற்றி மாற்றி அழுத்தினோம். கை மரத்துப்போன பிறகு ஒரு இழுப்பு வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு இழுப்பு. அந்தப் பெண் புருஷனின் காதில் அவன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்ததும் டோலியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நுரையீரலில் தண்ணீர் இருக்கிறது, விடியட்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இங்கே நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அழுத்துகிறவனை எழுந்திரு என்று யார் சொல்லலாம்? திரும்பி வந்த மூச்சு சொல்லலாம். கை மாற்ற வந்து பக்கத்தில் மண்டியிட்டவன் சொல்லலாம். டாக்டர் சொல்லலாம். கலெக்டர் சொல்லக் கூடாது, மந்திரி சொல்லக் கூடாது, மாலை போட்ட தலைமை விருந்தினர் சொல்லவே கூடாது. இதை வாயால் சொல்லிக்கொடுத்தால் போதாது. அதற்குப் பிறகு நான் எடுத்த ஒவ்வொரு வகுப்பிலும், அழுத்திக்கொண்டிருக்கும்போது தலைமையாசிரியரையோ ஸ்டேஷன் மாஸ்டரையோ சொல்லிவைத்து உள்ளே வரச் செய்வேன். அதட்டச் சொல்வேன். எழுந்தவன் தேறவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். மரியாதை தெரியாத வகுப்பு என்று பெயர் வாங்கினேன். நீங்களும் அந்தப் பெயரை வாங்குங்கள். எழுந்து நிற்பது நம் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது, துரை போனாலும் அது போகவில்லை என்பதை நேற்று கண்ணாரப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அந்த ஆள் கண் திறந்தார். மனைவியைப் பார்த்து, "மூட்டை எங்க?" என்று கேட்டார். துணிமூட்டையைக் கேட்டிருக்கிறார். அவள் அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். கொஞ்சம் கஞ்சி குடித்தார். சுரம் குறைந்திருந்தது, பயமில்லை என்றார் டாக்டர். இதைச் சொல்லத்தான் போலீஸ் முகாமுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் வாயில் பாட்டு.

முகாம் மைதானத்தில் ஒருவன் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். வெயில் ஏறிவிட்டிருந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கிட்டே போனதும் தெரிந்தது, துரைக்கு முன்னால் மண்டியிட்டவன்தான். ஏட்டு புங்கமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இவன் இன்னா தப்பு பண்ணான் ஏட்டய்யா?"

"அட்டென்ஷன்ல நிக்கும்போது ஆர்டர் இல்லாம கீழ உக்காந்தான்."

"துரை சொன்னாரா தண்டனை குடுன்னு?"

"அவரு எதுக்குச் சொல்லணும்? அவரு ஒண்ணும் சொல்லல. டிசிப்ளின் என்னோட பொறுப்பு."

"ஒரு உசுரக் காப்பாத்துனான்யா!"

"அதுக்கு ரிவார்டு குடுக்கச் சொல்லி நானே எழுதி அனுப்பிட்டேன்" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். "அது வேற கம்பவுண்டரே, இது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

இந்த மனிதரோடு என்ன பேசுவது? நேராக மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்தான். அவன் சுற்றி வந்தான். என்னைப் பார்த்ததும் கண் அகன்றது. நிற்க முடியாது, நின்றால் இன்னும் தண்டனை. ஓடிக்கொண்டே கேட்டான்.

"சார், அந்தாளு மூச்சு உட்டுகினு கீறானா?"

"கஞ்சி குடிச்சான்பா! பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிகினு உக்காந்துகினு கீறான்!"

அவன் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. தொய்ந்திருந்த கைகள் நிமிர்ந்தன, துப்பாக்கி மேலே போனது. மறுசுற்றில் என்னைத் தாண்டும்போது பல்லெல்லாம் தெரிய, மூச்சு வாங்க வாங்கச் சொன்னான்.

"அப்பிடின்னா நா எத்தினி சுத்து வேணா ஓடறேன் சார்."